நிழலும் பாலும்: வீட்டுக் காபியின் சூழல் கணக்கு

காபி சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்ற பேச்சு எழுந்தாலே நம் நினைவுக்கு வருபவை குப்பைகள்தாம்: உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, சரம் சரமாகத் தொங்கும் சாஷே, ஒரு தடவை பிழிந்ததும் தூக்கிப்போடும் கேப்ஸ்யூல். இப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டு வீட்டுக் காபியின் மேல் பழி சொல்ல அதிகம் இல்லை. எவர்சில்வரிலோ பித்தளையிலோ செய்த இரண்டடுக்கு ஃபில்டருக்கு வடிதாளும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒன்று வாங்கினால் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். தூளைப் போட்டு, தட்டை வைத்து லேசாக அழுத்தி, கொதிநீரை ஊற்றி மூடிவிட்டால் டிகாக்‌ஷன் தானே சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். மிஞ்சுவது ஒரு கைப்பிடிச் சக்கை. அதுவும் செடிக்குப் போகும். இத்தனை சிக்கனமான கருவி நம்மிடம் இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையே ஒரு திரையாகவும் ஆகிவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். வீட்டுக் காபியின் பெரிய சுமை சமையலறையில் இல்லை. அது மாட்டுக் கொட்டிலிலும், மலைச்சரிவில் காபிச் செடிக்கு மேலே நிற்கும் மரங்களிலும் இருக்கிறது. முதலாவதை ஓரளவு எண்ணில் அளந்துவிடலாம். இரண்டாவது எந்த எண்ணுக்குள்ளும் எளிதில் அடங்குவதில்லை, அதனாலேயே அது யார் கணக்கிலும் ஏறாமல் போகிறது.

முதலில் அளக்க முடிந்ததைப் பார்ப்போம். ஒரு டம்ளர் காபிக்குப் பத்து கிராம் தூள், நூறு மில்லி பால் என்று வைத்துக்கொள்வோம். தூளில் முப்பது சதவீதம் சிக்கரி என்றால் காபி ஏழு கிராம். வறுக்கும்போது குறையும் எடையையும் சேர்த்தால் எட்டரை கிராம் பச்சைக் கொட்டை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த நாப், மாஸ்லின் இருவரும் 2020இல் பிரேசில், வியட்நாம் அரபிகாவை ஆராய்ந்து, ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு வழக்கமான முறையில் 15.33 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்களும், சிக்கனமான முறையில் 3.51 கிலோவும் வெளியாவதாகக் கணக்கிட்டார்கள். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு விமானத்தில் அனுப்புவதற்கும் கப்பலில் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு. ரசாயன உரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. குடகிலிருந்து லாரியில் இறங்கும் கொட்டைக்கு விமானச் செலவு கிடையாது. ஆகவே நம் டம்ளரில் காபியின் பங்கு, தாழ்ந்த கணக்குப்படி 30 கிராமை ஒட்டியே இருக்கும். உயர்ந்த கணக்கை எடுத்தாலும் 130 கிராமைத் தாண்டாது. கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க மூன்று கிராம் அளவு சமையல் எரிவாயு போதும். அது எரிந்து வெளிவிடுவது ஒன்பது, பத்து கிராம். இப்போது பாலுக்கு வருவோம். ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் இருவரும் 119 நாடுகளின் பண்ணைத் தரவுகளைத் தொகுத்து 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு லிட்டர் பாலின் உலகச் சராசரி மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அப்படியானால் நூறு மில்லிக்கு 300 கிராம். டம்ளரில் உள்ள மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் பாலுக்குப் பக்கத்தில்கூட வராது. கருப்புக் காபி குடிப்பவர்களின் நாட்டில் கேப்ஸ்யூல் பெரிய கேள்வியாக இருக்கலாம். பாலில் டிகாக்‌ஷன் விட்டுக் குடிக்கும் நாட்டில் முதல் கேள்வி பால்தான்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அந்த உலகச் சராசரி, சோயாவும் மக்காச்சோளமும் தின்று வளரும் அயல்நாட்டுப் பண்ணை மாடுகளையும் சேர்த்துப் போட்டது, நம் ஊர் மாடு வைக்கோலையும் தவிட்டையும் பிண்ணாக்கையும் வரப்புப் புல்லையும் தின்கிறது, சாணம் எருவாகிறது, பால் விற்ற காசு வாராவாரம் ஒரு பெண்ணின் கையில் வந்து சேர்கிறது. இத்தனை வேலை செய்யும் மாட்டின் மீத்தேனை முழுக்கப் பாலின் தலையில் கட்டலாமா? கட்டக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்பதால், மந்தையின் அளவு கூடாத வரை அது புதிதாகச் சேர்க்கும் வெப்பம் குறைவு என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வைக்கோல் தின்னும் மாடு தானியம் தின்னும் மாட்டைவிட லிட்டருக்கு அதிக மீத்தேனை விடும். கறவை குறைந்த மாடு பல என்றால் ஒவ்வொரு லிட்டரும் தாங்கும் சுமையும் கூடும். உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. அந்த உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டும் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் 300 கிராம் என்பது 200 ஆகலாம், 400 ஆகலாம். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் பாலே முதலிடத்தில் நிற்கிறது.

பாலை விட்டுவிடு என்று யாரையும் கேட்பதற்கில்லை. ஓட்ஸ் பாலும் சோயாப் பாலும் விலையாலும் ருசியாலும் நம் காபிக்கு இன்னும் ஒட்டவில்லை. அவை வரும் அட்டைப் பெட்டியும் பல அடுக்குப் பொருள்தான். கேட்கக்கூடியது அளவு. சின்ன டம்ளரில் திக்கான டிகாக்‌ஷனும் அறுபது மில்லி பாலுமாகக் கலந்த காபி ருசியில் எதையும் இழப்பதில்லை. பெரிய டம்ளரில் தண்ணீர்ப் பாலை நிரப்பி ஆற்றுவதைவிட அது மேல் என்றுகூடச் சொல்வேன். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு நாற்பது மில்லி குறைந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 117 லிட்டர் பால் மிச்சம். மேலே சொன்ன சராசரிப்படி அது 350 கிலோ. பொங்கி அடுப்பில் வழிவதும், ஆறிப்போய்க் கொட்டுவதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பால்காரக் குடும்பத்தின் வருமானம் என்னாவது என்ற கவலைக்கும் பதில் உண்டு. பால் வளரும் குழந்தைக்கும் தயிருக்கும் மோருக்கும் போகும் வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. சில வீட்டுக் காபி டம்ளர்கள் சிறுத்துப்போவதால் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர் நொடித்துவிட மாட்டார்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நகரத்து வீடுகளில் கேப்ஸ்யூல் இயந்திரம் நுழைந்துவருகிறது. 2016இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தன் அரசுக் கட்டடங்களுக்கு கேப்ஸ்யூல் காபி வாங்குவதை நிறுத்தியது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் காபித்தூளும் ஒட்டிக்கிடக்கும் சின்னஞ்சிறு பொருளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதே காரணம். ஆனால் 2023இல் கனடாவின் கியூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், வடிதாளில் கை அளவாகத் தூளைப் போட்டுக் குடிக்கும் காபியைவிட, அளந்து அடைத்த கேப்ஸ்யூல் காபியின் கார்பன் சுமை குறைவாக இருக்கலாம் என்று காட்டினார்கள். கேப்ஸ்யூலை விற்பவர்களுக்கு இது நல்ல செய்தியாகப் போயிற்று. ஆய்வு உண்மையில் சொன்னது வேறு: சுமை காபிக் கொட்டையில் இருக்கிறது, ஆகவே தூளை வீணடிப்பதே பெரிய பாவம். ஃபில்டர் காபிக்காரருக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். தூளைக் கரண்டியால் அளந்து போடுவதும், இரண்டாம் டிகாக்‌ஷன் இறக்குவதும், கீழ்ப் பாத்திரத்தில் மிஞ்சியதைக் கொட்டாமல் இருப்பதும் எந்த இயந்திரமும் தராத மிச்சத்தைத் தரும். சிக்கரியும் இங்கே வருகிறது. நாற்பத்தொன்பது சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதைக் கலப்படம்போல் இளக்காரமாகப் பேசும் காபி ரசிகர்கள் பலர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சமவெளி வயலில் கிழங்காக விளையும் அது, காடு நிற்க வேண்டிய மலைச்சரிவைக் கேட்பதில்லை. காபியைவிட அதிகமாகக் கரைவதால் குறைந்த தூளில் அடர்ந்த நிறமும் பிடிப்பும் தருகிறது. சூழல் கணக்கில் சிக்கரியின் மேல் எனக்குப் புகார் இல்லை.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால், காபித் தோட்டம் ஏறக்குறைய நிரபராதி என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்: டம்ளருக்கு முப்பது கிராம்தானே! கார்பன் எண் ஏமாற்றும் இடம் இதுதான். ஒரு தோட்டம் தன் பலாவையும் ஆலையும் அத்தியையும் நந்தி மரத்தையும் வெட்டிவிட்டு ஒரே இன மரத்தை வரிசையாக நட்டால், அடுத்த ஆண்டு கிலோவுக்கு இத்தனை என்ற உர, எரிபொருள் கணக்கில் எதுவும் அசையாது. மலையில் எல்லாமே மாறியிருக்கும். இந்தியக் காபியின் தனிச்சிறப்பு நிழல். பிரேசிலிலும் வியட்நாமிலும் பெரும்பகுதிக் காபி திறந்த வெயிலில் விளைகிறது. குடகிலும் சிக்மகளூரிலும் வயநாட்டிலும் நம் ஏற்காட்டிலும் பழனி மலைத் தாண்டிக்குடியிலும் செடிக்கு மேலே மர விதானம் உண்டு. அது அழகுக்காக வந்ததல்ல. 1860களில் காட்டை முழுக்க வெட்டி வெயிலில் நட்ட குடகுத் தோட்டங்களைத் தண்டுத் துளைப்பான் வண்டு சூறையாடிய பிறகுதான் நிழலின் அருமை துரைமாருக்குப் புரிந்தது. வெயில் படும் தண்டையே அந்த வண்டு நாடும். இலங்கையில் அந்தப் பாடம் இன்னும் கடுமையாக வந்தது. கண்டி மலைகளில் காட்டை அழித்து இடைவெளியின்றி ஒரே பயிராகக் காபியை நட்டிருந்தார்கள்; 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தொழிலையே துடைத்தெடுத்தது. 1880களில் அதை ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர், தொடர்ச்சியான ஒற்றைப் பயிர் நோய்க்கு வழி திறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். காபி போய்த் தேயிலை வந்தபோது அவர்கள் வாழ்வும் அதோடு கட்டப்பட்டது.

நிழல் நிற்கும் தோட்டம் இன்று என்ன தருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காபித் தோட்டங்களில் பறவைகளைக் கணக்கெடுத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டைச் சார்ந்து வாழும் 79 பறவையினங்களை அங்கே கண்டது. நீலகிரிக் காட்டுப் புறா அவற்றில் ஒன்று. அரபிகாத் தோட்டங்களில் இனங்கள் சற்று அதிகம். நிழல் குறைவாக வைக்கும் ரோபஸ்டாத் தோட்டங்களும் வெறுமையாக இல்லை, அங்கே பூச்சிமருந்தும் குறைவு. தோட்டம் காடாகிவிடாது என்பது உண்மை. ஆனால் இரண்டு காடுகளுக்கு நடுவே அது நிற்கும்போது பறவைக்கும் மலபார் அணிலுக்கும் அது வழி. இந்த வழிதான் இப்போது குறுகுகிறது. பழைய பல இன மரங்களின் இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் ஏறிவருகிறது. இதற்குத் தோட்டக்காரரின் பேராசையைக் குறைசொல்வது எளிது. காரணங்கள் அதைவிடச் சிக்கலானவை. சில்வர் ஓக் நேராக, வேகமாக வளரும். மிளகுக் கொடி அதன்மேல் நன்றாகப் படரும். எல்லாவற்றுக்கும் மேல், கர்நாடகத்தில் அதை வெட்ட வனத்துறை அனுமதி தேவையில்லை. சொந்த நிலத்தில் நிற்கும் நந்தி மரத்தையோ ஈட்டி மரத்தையோ வெட்ட அனுமதி வேண்டும். குடகின் சில வகை நிலங்களில் மரத்தின் உரிமையே அரசிடம் இருக்கிறது. காட்டு மரத்தைக் காப்பாற்ற எழுதிய விதி, காட்டு மரக் கன்று ஒன்று முளைத்தால் அதை வளரவிடாமல் பிடுங்கச் சொல்லும் விதியாக மாறிவிட்டது. யானையும் ஒரு காரணம். பலா பழுக்கும் தோட்டத்துக்கு யானை வரும். செடி மிதிபடும், ஆள் சாவதும் உண்டு. ஆகவே பலாவை வெட்டிவிடுகிறார்கள். இவற்றோடு 2024இல் ரோபஸ்டா விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனதும் சேர்ந்துகொண்டது. விலை ஏறும்போது நிழலைத் திறந்துவிட்டு, உரத்தைக் கூட்டி, காய்ப்பைப் பெருக்கும் ஆசை எந்த விவசாயிக்கும் வரும்.

தண்ணீர் விஷயத்திலும் பிரபலமான எண் தவறான இடத்துக்கு நம்மை இழுக்கிறது. ஒரு கோப்பைக் காபிக்கு 140 லிட்டர் தண்ணீர் என்று நெதர்லாந்தின் சாபகைன், ஹூக்ஸ்த்ரா இருவரும் 2003இல் கணக்கிட்டார்கள். அது இன்றும் அடிக்கடி மேற்கோளாகிறது. அந்தத் தண்ணீரில் மிகப் பெரும்பங்கு செடியின்மேல் தானாகப் பெய்யும் மழை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் சரிவில் காபி இல்லாவிட்டாலும் அந்த மழையைக் காட்டு மரங்கள் குடித்திருக்கும். கவலைப்பட வேண்டிய தண்ணீர் இரண்டு. ஒன்று, பிப்ரவரி, மார்ச்சில் பூமழை தவறும்போது ரோபஸ்டாவைப் பூக்கவைக்க ஓடைகளிலிருந்தும் குளங்களிலிருந்தும் இறைத்துத் தெளிப்பான் வழியாக விடும் நீர். மற்றொன்று, பழத்தின் தோலை உரித்து, வழவழப்பைக் கழுவி, கொட்டையை எடுக்கும் ஈரப் பதப்படுத்தல். கடையில் பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று கேட்டு வாங்கும் அரபிகா இப்படிக் கழுவப்பட்டது. செர்ரி என்று விற்பது பழமாகவே வெயிலில் காயவைத்தது. கழுவிய நீரில் சர்க்கரையும் சதையும் கலந்திருக்கும்; சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் அது அழுகும்போது நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அறுவடை நவம்பரில் தொடங்கிக் கோடை வரை போவதால், ஓடை மெலியும் நேரத்தில்தான் இந்தக் கழிவு இறங்குகிறது. அந்த ஓடைகள் குடகிலும் சிக்மகளூரிலும் பிறந்து காவிரிக்கும் ஹேமாவதிக்கும் போகின்றன. கிருஷ்ணராஜ சாகரைத் தாண்டி மேட்டூருக்கு வருகின்றன. கும்பகோணத்தில் ஃபில்டரில் ஊற்றும் தண்ணீரும் அதில் போடும் தூளும் ஒரே மலையிலிருந்து இறங்கியவையாக இருப்பது வெறும் கற்பனை அல்ல. குறைந்த நீரில் உரிக்கும் இயந்திரங்களும் கழிவுத் தொட்டிகளும் இருக்கின்றன. பெரிய எஸ்டேட்டுகள் அவற்றுக்குப் பணம் போட முடியும். ஐந்து ஏக்கர்க்காரர் திணறுவார். இந்தியக் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சிறு விவசாயிகள்தாம்.

இதையெல்லாம் குடிப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்பதுதான் கடினமான கேள்வி. தெருமுனைக் காபித்தூள் கடையின் பலகையில் பீபெரி, ஏ, ரோபஸ்டா, சிக்கரி என்று விலை இருக்கும்; எந்த மலை, என்ன நிழல் என்று இருக்காது. கடைக்காரர் மறைக்கிறார் என்பதில்லை, ஏலத்திலும் மொத்த வியாபாரத்திலும் கை மாறி வரும் மூட்டையில் அந்தத் தகவல் தொலைந்துவிடுகிறது. 2019இல் குடகு அரபிகா, சிக்மகளூர் அரபிகா, பாபாபுடன்கிரி அரபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகா ஐந்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இடத்தைச் சொல்லும், அந்த இடத்தில் நிற்கும் மரத்தைச் சொல்லாது. பறவை, காடு பெயரில் தரச்சான்று தரும் சர்வதேச அமைப்புகள் இருக்கின்றன. கட்டணமும் காகித வேலையும் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது, அந்த முத்திரை குத்திய கொட்டையும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போகிறது. மரத்தைக் காப்பது அரசின் வேலை, குடிப்பவர் தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அரசின் விதி தனியாக நின்றபோது என்ன ஆனது என்பதை நந்தி மரக் கன்றிடம் பார்த்துவிட்டோம். தடை மட்டும் இருந்து, மரத்தை வைத்திருப்பதற்குக் காசு இல்லை என்றால் மரம் நிற்காது.

வழி ஒன்று கண்ணெதிரே திறந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டம், அங்கே விற்கும் காபி விளைந்த ஒவ்வொரு நிலத்துக்கும் வரைபட இருப்பிடம் கேட்கிறது. அமலாக்கம் தள்ளிப்போனாலும் அதற்காக இங்கே தோட்டங்களைப் பதியும் வேலை தொடங்கிவிட்டது. ஹாம்பர்க்கில் குடிப்பவருக்காகத் திரட்டும் தகவலை மயிலாப்பூரில் குடிப்பவருக்கும் தரலாம். அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் கவனிக்க வேண்டும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு விவசாய நிலமாக மாறியதா என்றுதான் அது கேட்கிறது. காபித் தோட்டம் ஏற்கெனவே விவசாய நிலம் என்பதால், அதற்குள் பத்து இன மரங்கள் போய் ஒரே இனம் வந்தால் சட்டத்தின் கண்ணில் எதுவும் நடக்கவில்லை. ஆகவே இங்கே பதியும்போது எல்லைக் கோட்டோடு நிழல் மரங்களின் இனங்களையும் சேர்த்துப் பதிய வேண்டும். பல இன நிழலுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் விலை வைக்க வேண்டும். 1942இல் சட்டப்படி அமைந்த காபி வாரியம், தாராளமயம் வரும் வரை விவசாயிகளின் காபியை மொத்தமாகத் தொகுத்து விற்றுத் தரத்துக்கு ஏற்பப் பணம் பிரித்துக் கொடுத்த அமைப்பு. அந்தப் பழைய தொகுப்பு முறையை அப்படியே மீட்கச் சொல்லவில்லை. தரத்தோடு நிழலையும் மதிப்பிட்டுக் காசு கொடுப்பது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதல்ல என்கிறேன். விலை ஏறினால் சாதாரணக் குடும்பம் தாங்குமா? கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடினால், பத்து கிராம் கணக்கில் டம்ளருக்கு ஐம்பது காசு. பாலில் நாற்பது மில்லி குறைத்த வீடு அதைவிடப் பல மடங்கு மிச்சம் பிடித்திருக்கும்.